மூன்றாவது ஆயிரத்து ஐம்பது

கடைசியில் சிரிப்பு இருக்கிறது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு, கையடித்துச் சத்தியம். ஆனால் அண்டா இப்போதுதான் கொதி கண்டிருக்கிறது, இன்னும் அறுபது நிமிஷம் கொதிக்க வேண்டும், அப்புறம் ஆற வேண்டும், ஆறினால்தான் அளக்க முடியும், அளந்தால்தான் சிரிக்க முடியும், ஆகவே தங்கமாரியப்பன் கராஜில் பிளாஸ்டிக் முக்காலி மேல் உட்கார்ந்திருப்பதைப் போல மற்றவர்களும் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் இரண்டேகால். மெல்பர்னுக்கு மேற்கே டார்னிட்டில், எந்த வீடு எந்த வீடென்று தபால்காரனுக்கே குழம்புகிற தெருவில், பாதி தூக்கிவிட்ட கராஜ் கதவுக்கு அடியில் காற்று நுழைந்து காஸ் அடுப்பின் நீலச் சுடரை ஒரு பக்கமாகச் சாய்த்தது. சாய்ந்த சுடரைப் பார்த்ததும் அவனுக்குள் ஒன்று சாய்ந்தது. சுடர் சாய்ந்தால் கொதி குறையும், கொதி குறைந்தால் ஆவி குறையும், ஆவி குறைந்தால் சாறு தண்ணியாக நிற்கும், தண்ணியாக நின்றால் எண் குறையும். எழுந்துபோய் அட்டைப்பெட்டி ஒன்றைக் காற்றுக்கு மறைப்பாக வைத்தான். வைத்துவிட்டு, ஐயோ, இப்போது கொதி கூடிவிட்டால் என்று பெட்டியை நாலு விரல் தள்ளி வைத்தான். உட்கார்ந்தான். குறையட்டுமே, இன்றைக்குக் குறைந்தால்தானே நல்லது என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பை, வாசலில் வந்து நிற்கிற சந்தாக்காரரைப் பார்ப்பதுபோலப் பார்க்காத மாதிரி பார்த்தான்.

அண்டாவுக்குள் இருப்பது பார்லிச் சாறு. ஐந்து கிலோ முளைகட்டிய பார்லியை உருளையில் உடைத்து, அறுபத்தாறு டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, இனிப்பு இறங்கின சாற்றை வடித்து, சக்கையை மறுபடி வெந்நீர் விட்டுக் கழுவிச் சேர்த்தது. இதைக் கொதிக்கவைத்து ஆற்றி ஈஸ்ட் போட்டால் மூன்று வாரத்தில் பீர். ஊறவைப்பதை அவன் மாஷ் என்பான், அவன் மனைவி கனகமணி ஊறல் என்பாள். “ஊறல் போட்டாச்சா? நம்ம ஊர்ல ஊறல் போட்டா போலீஸ் வந்து பானையை உடைப்பாக. இங்க நீங்க பானைக்கு ஜுரம் பாக்கிறீக” என்பாள், அதையும் சும்மா சொல்ல மாட்டாள், சிவகாசி டவுன் ஏட்டையா குரலில், மீசையை முறுக்குகிற தொனியில் சொல்வாள். அவளுக்கு எல்லார் குரலும் வரும். அவன் வேலை பார்க்கிற பெயின்ட் கடை மேனேஜர் குரல், கார் வழிகாட்டிப் பெண்ணின் குரல், அவள் வேலை பார்க்கிற முதியோர் இல்லத்தில் தொண்ணூற்றிரண்டு வயதுக் கிழவர் பல்செட்டைத் தேடுகிற குரல். போன வருஷம் அவனுடைய அம்மா குரலில் அவனையே போனில் கூப்பிட்டு, “ஏலே, நீ அங்கன பீர் காச்சுதயாமே” என்று கேட்டுக் கால் மணி நேரம் அவனை வியர்க்க வைத்தவள். அவளுக்குக் குரலும் கையளவும் ஒன்றுதான், ஒரு தடவை பிடித்தால் பிசகாது. இட்லி மாவும் அப்படித்தான். முப்பது வீட்டுக்கு அவள் மாவு போகிறது. கோடையோ குளிரோ, அந்த மாவு பாத்திரத்தின் அதே இடத்துக்குப் பொங்கி நிற்கும், கோடு போட்ட மாதிரி. எத்தனை கிராம் வெந்தயம் போடுகிறாய் என்று கேட்டான் ஒரு நாள், நோட்டுப் புத்தகத்தோடு. “ஒரு கை.” “யார் கை?” “என் கைதான், பின்ன கவர்னர் கையா?” தண்ணீர் எவ்வளவு என்றதற்கு விரலைக் காட்டினாள். அவன் அந்த விரலை ஸ்கேல் வைத்து அளந்தான், அளந்துகொண்டிருக்கும்போது அவள் விரலை ஆட்டிவிட்டாள்.

அவனுக்கு வேண்டியது ஆயிரத்து ஐம்பது. சாறு புளிக்க ஆரம்பிப்பதற்கு முன்னால் அதில் எவ்வளவு இனிப்பு கரைந்திருக்கிறது என்று சொல்கிற எண் அது. பச்சைத் தண்ணீருக்கு ஆயிரம். இனிப்பு ஏற ஏற எண் ஏறும், ஹைட்ரோமீட்டர் என்கிற கண்ணாடிக் குச்சி சாற்றில் அமிழாமல் எம்பி மிதக்கும். எந்த எண்ணிலும் பீர் காய்ச்சலாம், யாரும் கேட்கப்போவதில்லை, ஆனால் ஒரே எண்ணில் திரும்பத் திரும்பக் காய்ச்சுகிறவன்தான் காய்ச்சுகிறவன், மற்றவனுக்கெல்லாம் தானாக வாய்க்கிறது, அவ்வளவுதான். நோட்டில் ஆயிரத்தை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் இருபத்தொரு தடவை எழுதி வைத்திருக்கிறான். நாற்பத்துநாலு, நாற்பத்தொன்று, நாற்பத்தேழு, நாற்பத்தாறு, காற்றடித்த நாளில் முப்பத்தொன்பது, ஐம்பது என்று ஒரு தடவை, அடுத்த தடவையே நாற்பத்திரண்டு. பக்கத்துத் தெருக் கிருபானந்தன் யாழ்ப்பாணத்து நிதானத்தோடு சொன்னார்: “அண்ணை, நீங்கள் தானியத்தை வடிவா உடைக்கேல்லை. அதுதான் சீனி இறங்குதில்லை.” அவர் போனதும் கனகமணி அதே நிதானத்தில், “அண்ணை, நீங்கள் வீட்டு வேலையை வடிவாச் செய்யேல்லை, அதுதான் மனுசிக்குக் கோவம் இறங்குதில்லை” என்றாள். உருளைகளின் இடைவெளியைக் குறைத்தான். கழுவுகிற வெந்நீரை மெதுவாக விட்டான், அவசரப்பட்டால் தண்ணீர் சக்கைக்குள் ஒரே வாய்க்கால் வெட்டிக்கொண்டு ஓடிவிடும், இனிப்பு ஓரத்திலேயே தங்கிவிடும். கிளறினான், கிளறாமல் பார்த்தான். எண் தன்னிஷ்டத்துக்குத்தான் வந்தது. அந்த நாட்களில் ஒன்றில்தான் அந்தச் சபதம் வாயிலிருந்து விழுந்தது. கனகமணிக்குப் பத்து லிட்டர் கிரைண்டர் வந்து இறங்கியிருந்தது, சாய்த்து மாவு வழிக்கிற பெரிய ரகம், வைக்க இடமில்லாமல் ஹாலில் பெட்டியோடு நின்றது, மேலே துணி விரித்து அதன்மேல் டீவி. கராஜைக் கேட்டாள். நியாயமாகக் கேட்டாள். நியாயமாகக் கேட்டால்தான் அவனுக்குக் கோபம் வரும். “தொடர்ந்து மூணு தடவை ஆயிரத்து அம்பது வந்துட்டா என் ஆராய்ச்சி முடிஞ்சது. அண்டா குண்டா எல்லாத்தையும் வித்துட்டு கராஜை உன் கையில குடுத்துர்றேன். அதுவரைக்கும் கிரைண்டர் பேச்சையே எடுக்காத.” காக்காய் வெள்ளையானால் தருகிறேன் என்று சொல்வதில்லையா, அப்படித்தான் சொன்னான். அவள் அதைத் தாளில் எழுதி, தேதி போட்டு, பிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள். கையெழுத்துப் போடச் சொன்னாள். போட்டான்.

காக்காய் வெள்ளையாகிவிட்டது. ஒன்றுக்கு இரண்டு காக்காய். போன மாதம் முதல் வாரம் ஆயிரத்து ஐம்பது, மூன்றாவது வாரம் ஆயிரத்து ஐம்பது, மயிரிழை பிசகில்லை. ஓடிப்போய்ச் சொன்னபோது வாய் காதுவரை இருந்தது, பாதி வாக்கியத்தில்தான் பிரிட்ஜ் கதவு ஞாபகம் வந்தது. கனகமணி கடுகு தாளித்துக்கொண்டே, “அப்படியா, ரெண்டாச்சு” என்றாள். அவ்வளவுதான். உருளை இடைவெளியை அந்தக் கடைசித் தடவை ஒரு தாள் கனம் குறைத்ததுதான் காரணம் என்று அவன் கண்டுபிடித்தான். வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் சங்கத்துக் குழுவில் எழுதினான். சங்கத் தலைவர் கெவின், இருபது வருஷம் காய்ச்சுகிறவர், அடுத்த கூட்டத்தில் நீயே பேசு, தலைப்பு உன்னிஷ்டம் என்றார். பேச்சை நாலு பக்கம் எழுதி வைத்திருக்கிறான். முதல் வரி: ‘எண் பொய் சொல்லாது.’ அதை அவன் சும்மா எழுதவில்லை. கடையில் போன தையில் ஒரு அம்மாள் பெயின்ட் டின்னோடு திரும்பி வந்தாள், முதல் டின்னும் இரண்டாவது டின்னும் ஒரே எண், ஒரே இயந்திரம், கலந்தது இவன், ஆனால் சுவரில் இரண்டும் சேர்கிற இடத்தில் கோடு தெரிகிறதாம். போட்டோ காட்டினாள். அவனுக்குக் கோடு தெரியவில்லை. மேனேஜருக்குத் தெரிந்தது, பக்கத்தில் குழாய் விற்கிற பையனுக்குக்கூடத் தெரிந்தது, “இட்ஸ் ஓகே, மர்ரே” என்று மேனேஜர் தோளைத் தட்டினார், அவருக்கு மாரியப்பன் மர்ரே. அன்றைக்கு ராத்திரி குளியலறையில் இடது கண்ணை மூடிச் சுவரைப் பார்த்தான், வலது கண்ணை மூடிப் பார்த்தான், ஒரு வெள்ளை கொஞ்சம் தேன் கலந்த வெள்ளையாக இருந்தது, எந்தக் கண்ணில் என்று உறுதி செய்துகொள்ளப் பயந்து விளக்கை அணைத்தான். காலண்டர் அச்சகத்தில் பதினோரு வருஷம் மை சேர்த்தவன், பத்தாயிரம் முருகனுக்கும் ஒரே பச்சை வேட்டி கட்டினவன். கண் போனால் போகட்டும். குச்சி இருக்கிறது, குச்சியில் எண் இருக்கிறது, எண்ணுக்குக் கண்புரை கிடையாது.

நாற்பதாவது நிமிஷம். கசப்புக்குச் சேர்க்கிற ஹாப்ஸ் பூவைப் போட்டான், பச்சைக் கசப்பு மூக்கில் ஏறியது, நுரை பொங்கி விளிம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு அடங்கியது. இன்றைக்கும் ஐம்பது வந்தால் மூன்று. வரும். வராமல் என்ன, உருளை அதே, நேரம் அதே, கை அதே. வந்தால் அவன் காய்ச்சுகிறவன். வந்தால் அண்டா போய்விடும். வராவிட்டால் அண்டா இருக்கும், அவன் தானாக வாய்த்தவன். நாலு பக்கப் பேச்சு. அண்டா இல்லாதவன் அண்டாவைப் பற்றிப் பேசுகிற பேச்சு. கராஜ் இல்லாத ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தான், சோபா வந்தது, சோபாவில் அவன், டீவிக்கு அடியில் இப்போது கிரைண்டர் பெட்டி இல்லை, டீவி கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது, கராஜிலிருந்து கல் சுற்றுகிற சத்தம் கடகடவென்று, சங்கத்துக் குழுவில் யாரோ ஐம்பது என்று போடுகிறார்கள், இவன் கட்டைவிரல் படம் போடுகிறான். கனகமணி கிரைண்டர் முன்னால் நின்றால் தப்பா? தப்பில்லை. அவள் நாற்பது மணி நேரம் கிழவர்களைத் தூக்கிக் குளிப்பாட்டிவிட்டு வந்து துணி துவைக்கிற அறையில் குனிந்து நின்று ஈடு ஈடாக அரைக்கிறாள், முதுகைப் பிடித்துக்கொள்கிறாள், பிடித்துக்கொள்ளும்போது மட்டும் யார் குரலிலும் பேசுவதில்லை. சரி, அடுத்த வருஷம் கொடுத்துவிடலாம். இன்னும் கொஞ்ச நாள். ஐம்பதாவது நிமிஷம். ஒரு லிட்டர் தண்ணீர். அந்த நினைப்பு எப்போது உட்கார்ந்ததென்று தெரியவில்லை, முக்காலியில் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தது. இருபது லிட்டரில் ஒரு லிட்டர், யாருக்குத் தெரியும், ஐம்பது நாற்பத்தேழரை ஆகும், கனகமணியிடம், அடடா, காற்று மாறிவிட்டது என்று சொல்லிவிடலாம், கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து. ஆனால் அவனுக்குத் தெரியும். அவனுக்கு மட்டும்தானே தெரியும். முதலில் ஐம்பது என்று அளந்து, அதைத் தான் மட்டும் பார்த்துவிட்டு, அப்புறம் ஊற்றினால்? அப்போது அவன் காய்ச்சுகிறவனும் ஆகலாம், அண்டாவும் இருக்கும். இந்த யோசனை அவ்வளவு அழகாக இருந்ததால் எழுந்து நின்றுவிட்டான்.

அடுப்பை அணைத்தான். சாற்றை ஆற்றச் செம்புக் குழாய்ச் சுருளை அண்டாவில் இறக்கி அதற்குள் குழாய்த் தண்ணீரை ஓடவிட்டான், இருபது நிமிஷம், சாறு இருபது டிகிரிக்கு வந்தது. அண்டாவின் அடிக்குழாயிலிருந்து அளவுக் குடுவையில் பிடித்தான். எஃகுக் குடுவை, உயரமாக, ஒடுக்கமாக. பழைய பிளாஸ்டிக் குடுவை பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் வளைந்துபோனபின் கனகமணி வாங்கிக் கொடுத்தது. உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாது, அதனால் விளிம்பு வழிய ஊற்றி, விளிம்போடு கண்ணை வைத்துத்தான் படிக்க வேண்டும். ஊற்றினான். குச்சியை விட்டான். குமிழி ஒட்டாமலிருக்க விரலால் ஒரு சுழற்று சுழற்றினான், அரைச் சுற்று சுற்றி நின்றது, சாறு கெட்டியல்லவா. குனிந்தான். ஆயிரத்து ஐம்பது. நெஞ்சுக்குள் கொட்டு மேளம். மூன்றாவது. யாரும் பார்க்கவில்லை. மேளம் அடங்கும்வரை நின்றான், பிறகு ஜக்கில் ஒரு லிட்டர் குழாய்த் தண்ணீர் பிடித்து, ஒரு தடவை வீட்டுக் கதவைப் பார்த்துவிட்டு, அண்டாவில் ஊற்றினான். கிளறினான். குடுவையைக் கொட்டிவிட்டு மறுபடி பிடித்தான். ஆயிரத்து ஐம்பது. சரிதான், தண்ணீர் மேலேயே நின்றிருக்கும், குழாய் அடியில் இருக்கிறது, அடிச்சாறு கனம், பேச்சின் இரண்டாவது பக்கத்திலேயே எழுதியிருக்கிறான். நூறு எண்ணுகிறவரை கிளறினான். ஆயிரத்து ஐம்பது. இன்னொரு லிட்டர். அளவு பார்க்காமல் இன்னொன்று. தோள் வலிக்கக் கிளறினான், சட்டையெல்லாம் தெறித்தது, அளந்தான், ஆயிரத்து ஐம்பது. “என்னங்க, ஆச்சா?” என்று உள்ளேயிருந்து கனகமணி, தன் சொந்தக் குரலில். “ஆறல, இன்னும் ஆறல!” என்றான். ஜக்கை விட்டுவிட்டு வாளியை எடுத்தான். இருபத்தெட்டு லிட்டர், அண்டா கழுத்துவரை, நிறமே வெளுத்துக் கஷாயம் போய்ச் சுக்குத் தண்ணீர் ஆகியிருந்தது, வெளுத்திருக்கிறதா, எந்தக் கண்ணால் பார்க்கிறேன், இரண்டாலும்தான், வெளுத்திருக்கிறது. விரலை விட்டு நக்கினான். இனிப்பு எங்கோ தூரத்தில் இருந்தது. குடுவையில் ஆயிரத்து ஐம்பது.

அப்போது அவனுக்குப் பயம் வந்தது. கோபமோ சந்தேகமோ இல்லை, வெறும் பயம், லிப்ட் கதவு திறந்து பார்த்தால் அதே மாடி என்கிற மாதிரி. குச்சிக்குள் எண் தாள் நழுவியிருக்கும். நழுவின தாளை வைத்துக்கொண்டு கூட்டத்தில் பேசவா. பச்சைத் தண்ணீரில் ஆயிரம் காட்டவேண்டும், அதுதான் பரீட்சை, முதல் நாளே எல்லாரும் செய்கிற பரீட்சை, இரண்டு வருஷமாக அவன் செய்யாத பரீட்சை. குடுவையைக் கவிழ்த்துக் கழுவி, குழாய்த் தண்ணீர் பிடித்து, விளிம்பு வழிய, குச்சியை விட்டான். ஆயிரத்து ஐம்பது. குழாய்த் தண்ணீர், மெல்பர்ன் மாநகரத் தண்ணீர், ஆயிரத்து ஐம்பது. உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்தபடியே குச்சியைப் பிடுங்கி, வாளியில் மிச்சமிருந்த தண்ணீரில் போட்டான். குச்சி கழுத்துவரை முங்கி, ஆடி, நிதானித்து, ஆயிரம் என்றது. வாளியில் ஆயிரம், குடுவையில் ஐம்பது, அதே தண்ணீர், அதே குச்சி. அவன் குடுவையைப் பார்த்தான். வாளியைப் பார்த்தான். குடுவைக்குள் மரக்கரண்டியின் காம்பை விட்டு, அடி தட்டினதும் விளிம்பு மட்டத்தில் காம்பை விரலால் பிடித்துக்கொண்டு, வெளியே எடுத்துக் குடுவைக்குப் பக்கத்தில் நிறுத்தினான். விரல் பிடித்த இடம் விளிம்புக்கு இரண்டு விரற்கடை கீழே இருந்தது. குச்சி மிதக்கவே இல்லை. ஒரு மாதமாக அது எதன்மேலோ நின்றுகொண்டிருக்கிறது. காற்றும் உருளையும் கழுவின வெந்நீரும் ஒரு தாள் கனமும் ஒவ்வொன்றாக அவன் தலையிலிருந்து இறங்கிப் போயின, கெவின் போனார், நாலு பக்கம் போயிற்று. குடுவையைத் தலைகீழாகப் பிடித்து உள்ளங்கையில் ஓங்கித் தட்டினான். ஒரு தடவை, இரண்டு தடவை. மூன்றாவது தட்டுக்கு, சுற்றிலும் வெள்ளித்தாள் மடித்துச் செருகி இறுக்கின ஒரு வெள்ளை மூடி, மஞ்சள் படிந்த ஓரத்தோடு, பொத்தென்று கையில் விழுந்தது. வாசனை பார்க்க வேண்டியதில்லை, பார்த்தான்.

வீட்டுக் கதவு திறந்தது. கனகமணி ஒரு கையில் அளவு டேப்போடு நின்றாள், டேப்பின் நாக்கு ஏற்கெனவே ஒரு முழம் வெளியே வந்திருந்தது. அவள் கண் முதலில் கழுத்துவரை நிறைந்த அண்டாவைப் பார்த்தது, அப்புறம் வாளியை, அப்புறம் தரையெல்லாம் ஓடுகிற தண்ணீரை, கடைசியில் அவன் கையை. உதட்டின் ஓரம் துடித்தது, கடித்து நிறுத்தினாள்.

“என்னங்க, எவ்வளவு வந்திச்சு?”

“ஏன் கனகம்,” என்றான் தங்கமாரியப்பன், “நம்ம வீட்டுப் பெருங்காய டப்பா ஒரு மாசமா மூடியில்லாமலா கெடக்கு?”